சஃப்ரினைக் குளிப்பாட்டியவள்

தம்மாம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா ஹஃப்சாவுக்கு,

தம்பி முகம்மது மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நான் சுகம். சர்க்கரைதான் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. உன் முட்டிவலி எப்படி? போன வருஷம் அனுப்பிய காது மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாயாமே. அது நகையில்லை அக்கா, மாட்டிக்கொள்கிற சாமான். அதை மாட்டினால் நாம் போனிலேயே பேசலாம், இந்தக் காலத்தில் உலகத்தில் யாரும் செய்யாத வேலையாக நாம் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதை என் கடையில் வேலை பார்க்கும் சமீர் கொண்டுவருகிறான். இரண்டு மாத லீவு. கோடாலித் தைலம் ஆறு பாட்டில், பாதாம், ஒரு போர்வை கொடுத்திருக்கிறேன். தெருவுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காராதே.

சமீர் உனக்குத் தெரிந்தவன்தான், ஹைருன் பீவி மகன். தென்காசி நஸீபாவின் மகள் சஃப்ரினை மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்குப் பேசி முடித்ததே நான்தான். நிக்காஹ்வுக்குச் சாட்சியும் நான்தான். உனக்கு ஒரு சின்ன வேலை. ஹைருன் பீவி வீட்டுப் பக்கம் போகும்போது அந்தப் பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. எப்படி இருக்கிறாள் என்று எழுது. வேறொன்றுமில்லை, சும்மா கேட்கிறேன்.

மய்யித்துக் குளிப்பாட்டும் வேலையை இனி விடு அக்கா, செத்தவர்களைத் தொட்டுக் கழுவியது போதும். ஐம்பத்தாறு வயதாகிறது. கல்யாண வீட்டில் உன்னைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
மீரான்


கடையநல்லூர்
14 ஜூலை 2025

அன்புத் தம்பி மீரானுக்கு,

அக்கா ஸலாம். நான் நல்லா இருக்கிறேன். நீயும் நல்லா இருக்க வேண்டும். தைலம், பாதாம், போர்வை எல்லாம் வந்து சேர்ந்தன.

சஃப்ரின் மௌத்தானது உனக்கு அன்றைக்கே போனில் தெரிந்திருக்கும். குற்றாலத்தில் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாளாம். நான்தான் குளிப்பாட்டினேன். எல்லாம் முறைப்படி நல்லபடியாக முடிந்தது. முகம் நூராக, ஒளியாக இருந்தது.

சமீர் லீவை முடிக்காமலே திரும்புகிறான். இந்தக் கடிதத்தை அவனே கொண்டுவருகிறேன் என்று வாசலில் வந்து நிற்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா,
ஹஃப்சா


கடையநல்லூர்
14 ஜூலை 2025, மதியம்

மீரான்,

காலையில் சமீர் கையில் கொடுத்த கடிதத்தை நீ முதலில் படித்திருப்பாய். அதை மற. நான் எழுதும்போது அவன் வாசலில் நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். உறை ஒட்டவில்லையே என்று சொல்லி அவனே பசை போட்டு ஒட்டினான். இது தபாலில் வருகிறது. தனியாக இருந்து படி.

இந்த மாதம் ஐந்தாம் தேதி காலை ஹைருன் பீவி ஆள் அனுப்பினாள். போனேன். வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய், செவிட்டுக்கு என்ன தெரியும் என்பாய். அழுகிற வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே எல்லா வாயும் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது, அப்படியே வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிட்டோம் என்றார்கள். லுஹர் தொழுகைக்கு முன்னால் அடக்கணும் என்று ஒரே அவசரம்.

எப்போதும் நான் குளிப்பாட்டும்போது சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூட நிற்பார்கள். ஹைருன் பீவி எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "நானே தண்ணி ஊத்துதேன், வேற ஆள் வேண்டாம்" என்றாள். சரி, மருமகள் மேல் அவ்வளவு பாசம் போல என்று நினைத்தேன். நானும் ஒரு மடைச்சிதானே.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பெண்பிள்ளை என்றால் கடைசியில் முடியை மூன்று சடையாகப் பின்ன வேண்டும். பின்னுவதற்காக விரலை விட்டேன். மேல்முடி நனைந்திருந்தது. அடிமுடி முழுக்க எண்ணெய், பிசுபிசுவென்று இருந்தது. சீயக்காய் போட்டும் வழுக்கியது. ஓடைத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவள் தலையில் எண்ணெய் அப்படியா இருக்கும்? குளிக்கலாம் என்று தலை நிறைய எண்ணெய் வைத்திருக்கிறாள் பிள்ளை. தண்ணீருக்கு அவள் போகவே இல்லை. யாரோ பிறகு மேலாக நனைத்திருக்கிறார்கள்.

முடியை ஒதுக்கினேன். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் நாலு கறுப்பு, மறுபக்கம் ஒன்று. பாறைக்கு ஐந்து விரல் உண்டா மீரான்?

நான் நிமிர்ந்தேன். ஹைருன் பீவி என்னையே பார்த்தாள். "ஹஃப்சா, மய்யித்தோட ஐபை மறைக்கிறவளுக்கு அல்லாஹ் கூலி தருவான்" என்றாள். அது எனக்குத் தெரியாதா? உடம்பில் கண்ட குறையைக் குளிப்பாட்டினவள் வெளியே சொல்லக்கூடாது. எத்தனை பெண்களின் ஐபு என்னோடு கிடக்கிறது! ஒருத்திக்கும் நான் வாய் திறந்ததில்லை.

பிறகு நஸீபா வந்தாள், மகள் முகத்தைப் பார்க்க. நான் என்ன செய்தேன் தெரியுமா? கபன் துணியைத் தாடைவரை இழுத்துவிட்டேன். பஞ்சை அடைத்து இறுக்கிக் கட்டினேன். பெற்றவள் குனிந்து முத்தம் கொடுத்தாள். ஒரு விரல்கடை கீழே பார்த்திருந்தால் கண்டிருப்பாள். என் கைதான் மறைத்தது.

வந்ததிலிருந்து என் கையில் அந்த எண்ணெய் வாடை போகவில்லை. சோறு பிசைந்தால் வருகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இதைச் சொல்லட்டுமா, வேண்டாமா? எனக்கு உன்னைவிட்டால் கேட்க ஆள் கிடையாது.

ஹஃப்சா


தம்மாம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். சுகம். உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறேன். இங்கே வெயில் கொல்கிறது, கடைக்கதவின் கைப்பிடியைத் தொட முடியவில்லை.

உன் இரண்டாவது கடிதம் வந்தது. படித்துக் கிழித்துவிட்டேன். நானும் சமீரும் ஒரே அறையில் இருக்கிறோம் என்பதை நீ யோசிக்க வேண்டாமா?

பாறையில் விழுந்தால் எந்த அடையாளமும் வரும். உனக்குக் கண்ணும் முன்னைப்போல இல்லை. அவன் ஐந்து நேரமும் தொழுகிறான், எனக்கும் சேர்த்துச் சமைக்கிறான், என் மாத்திரையை எடுத்துத் தருகிறான். இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த வாயை இப்போது திறந்தால் உன்னை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். மய்யித்து மய்யவாடிக்குப் போய்விட்டது. விட்டுவிடு.

காதுக்கு மெஷின் போடு.

மீரான்


கடையநல்லூர்
21 ஆகஸ்ட் 2025

தம்பி மீரானுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. நீ கல்லாக இருக்கிறாய், கல்லுக்கு என்ன சீக்கு வரும்?

போன வாரம் மேலத்தெருவில் எண்பது வயதுக் கிழவி ஒருத்தி. வியாதியில் போனவள், வருஷக்கணக்கில் தலையில் எண்ணெய் வைத்ததே இல்லை என்று மகளே சொன்னாள். சடை பின்ன விரலை விட்டேன், பிசுபிசுத்தது. திரும்ப விட்டேன், ஒன்றுமில்லை, காய்ந்த முடி. என் கை தானாகக் கழுத்துக்குப் போய் விரலை வைத்து அளந்து பார்த்தது. கூட நின்ற பெண்கள் "என்ன பண்ணுதா இவ?" என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் யாரோ ஈரக்காலோடு வந்து நிற்பது மாதிரி இருக்கிறது. திரும்பினால் தரை காய்ந்து கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மீரான். மய்யித்தைக் கண்டு பயந்தவளா நான்? இதுவரை இல்லையே.

நாற்பதாம் பாத்திஹாவுக்கு வந்த நஸீபா, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் முன்னால் உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன் என்று தெரிந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எம்புள்ளைய கடேசியாத் தொட்டது நீங்கதான். அவ எப்படி இருந்தா? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

நான் சொன்னேன், "நூரா இருந்துச்சு."

எந்த வீட்டில் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். எல்லாப் பெற்றவளுக்கும் அதே வார்த்தை. மற்றவர்கள் அதைக் கேட்டு அழுது ஆறிப்போவார்கள். இவள் அழவில்லை. என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள், மகள் வாசனை இருக்கிறதா என்று. நாசமாய்ப் போக என் கை!

இன்னொன்று. ஜூன் மாதம் நீ எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷத்தில் ஒரு தடவை கூட அவளைப் பற்றி நீ கேட்டதில்லை. ஏன் கேட்டாய்? நானும் முட்டிவலி, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

பதில் போடு.

ஹஃப்சா


தம்மாம்
8 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

ஸலாம். நான் சுகம். இங்கே எல்லாம் வழக்கம்போல்.

இனிமேல் கடை முகவரிக்கு எழுதாதே. பக்கத்து மருந்துக்கடை முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், அங்கே எழுது. நேற்று சமீர் சோறு போட்டுக்கொண்டே கேட்டான், "மாமா, உங்க அக்கா அடிக்கடி கடுதாசி போடுதாகளே, அப்படி என்ன எழுதுதாக?" முட்டிவலி என்றேன். சிரித்தான். இப்போது அவன் எடுத்துத் தரும் மாத்திரையை நான் வாயில் அடக்கி வைத்திருந்து வெளியே துப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மீரான்


கடையநல்லூர்
27 செப்டம்பர் 2025

என் தம்பிக்கு,

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்றாவது எழுதியிருக்கலாம். மாத்திரையைத் துப்பினால் சீக்குக்கு என்ன செய்வாய்? தனியாக வாங்கிச் சாப்பிடு.

நான் சொல்லிவிட்டேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் ஏறியது. மய்யித்தின் ஐபை மறைக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கழுத்தில் இருந்தது அவள் ஐபா? அது அவன் ஐபு. அவளுக்குச் செய்ய வேண்டிய மறைப்பை நான் அவனுக்கல்லவா செய்து கொடுத்திருக்கிறேன்! கரித்துணியைக் கீழே போட்டேன், பர்தாவை மாட்டினேன், தென்காசி பஸ்ஸில் ஏறினேன். கை கழுவக்கூட இல்லை.

நஸீபாவிடம் எல்லாம் சொன்னேன். துணியை இழுத்துவிட்டதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனாள். வந்தபோது வெளியே போகிற உடுப்போடு வந்தாள். "வாங்க, போவோம்" என்றாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டுமாம். நாங்கள் போன ஆபீஸில் கோட்டாட்சியராக ஸ்ரீமதி என்று ஒரு அம்மா. எனக்குக் காது கேட்காது என்றதும் கேள்வியைக் காகிதத்தில் எழுதி நீட்டினார். நான் பதிலை எழுதி நீட்டினேன். பரீட்சை எழுதுவது மாதிரி பதினொரு பக்கம் எழுதினேன். கடைசிக் கேள்வி, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. ஹைருன் பீவி என் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நேற்று எதிர்த்த வீட்டில் ஒரு மௌத்து. என்னைத் தாண்டிப் புளியறைக்கு ஆள் அனுப்பி வேறொருத்தியைக் கூட்டி வந்தார்கள். "இவ கையில நம்ம பொம்பளையள எப்படிக் குடுக்க?" என்று ஒருத்தி சொன்னாள். நான் உதட்டைப் பார்ப்பேன் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

போகட்டும். நீ அந்த அறையை விட்டு வெளியேறு.

ஹஃப்சா


கடையநல்லூர்
18 அக்டோபர் 2025

மீரான்,

எப்படி இருக்கிறாய்? இருக்கிறாயா? நான் எழுதி மூன்று வாரமாகிறது, ஒரு வரி இல்லை. தபால்காரரை வழிமறித்து வழிமறித்து, அவர் இப்போது என் தெரு வந்தாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

போன திங்கட்கிழமை கபுரைத் தோண்டினார்கள். தாசில்தார், இரண்டு டாக்டர், போலீஸ். சுற்றி ஓலைத்தட்டி மறைப்பு. நஸீபாவும் நானும் மய்யவாடி வாசலிலேயே நின்றோம். கழுத்துக்குள் சின்னதாக ஒரு எலும்பு உண்டாம், அது ஒடிந்திருக்கிறதாம். விழுந்ததால் வந்தது மாதிரித் தெரியவில்லையாம். எண்ணெயை மண் தின்றிருக்கும், எலும்பு இருந்தது.

ஹைருன் பீவியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். சமீர் வந்தால்தான் விடுவார்களாம். அவன் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டை கிடையாது, கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற முகம்மது மீரானே வந்து சொல்வார் என்கிறார்.

நீ அப்படிச் சொல்லுவாயா? உன் பேரை அவர் வாயில் பார்த்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஏன் பார்க்கச் சொன்னாய் என்று நான் கேட்டு இரண்டு மாதமாகிறது. நீ சொல்லவில்லை. எதுவானாலும் சொல்லு. என்னால் தாங்க முடியாதது இனிமேல் என்ன இருக்கிறது?

ஹஃப்சா


தம்மாம் விமான நிலையம்
29 அக்டோபர் 2025

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் மருந்துக்கடையில் கிடைத்தன. கையில் எடுப்பேன், பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். அதுதான் காரணம், வேறில்லை.

எனக்கு நாலு நாற்காலி தள்ளி சமீர் உட்கார்ந்து டீ குடிக்கிறான். உம்மாவை ஸ்டேஷனிலிருந்து விடுவிக்க ஊருக்கு வருகிறான். "மாமா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்க பேச்சுக்கு ஊர்ல மரியாதை உண்டு" என்று இரண்டு வாரமாகக் காலைப் பிடிக்காத குறை. சரி, வருகிறேன் என்றேன். நான் அவனுக்காகப் பேச வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தென்காசி போலீசுக்கு முந்தாநாளே நான் பேசிவிட்டேன். திருவனந்தபுரத்தில் இறங்கும் இடத்திலேயே நிற்பார்கள். என் போனையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தை இறங்கியதும் தபாலில் போடுவேன். இரண்டு நாளில் நானே உன் முன்னால் நிற்கப்போகிறவன் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். இதைச் சொல்லும்போது நீ என் உதட்டைப் பார்ப்பாய். அதை என்னால் தாங்க முடியாது.

போனில் இருப்பது சஃப்ரினின் குரல். மே மாதத்தில் எனக்கு ஏழு தடவை பேசி அனுப்பினாள். நஸீபா கேட்பாள், கோர்ட்டில் எல்லாரும் கேட்பார்கள். உனக்குத்தான் கேட்காது. அதனால் கடைசியாக அனுப்பியதை ஒரு சொல் விடாமல் உனக்கு எழுதித் தருகிறேன்.

"மாமா, சஃப்ரின் பேசுதேன். அவுகளுக்கு லீவு குடுத்திட்டீகளாம். குடுக்காதீங்க மாமா. போன தடவ வந்தப்ப என் கழுத்தப் பிடிச்சாக. ரெண்டு நாள் எச்சி முழுங்க முடியல. மாமிக்குத் தெரியும், சால்வையப் போட்டு மூடிக்கன்னு சொன்னாக. உம்மாட்ட சொன்னா அது தாங்காது. என் கல்யாணத்துக்கு நீங்கதான சாட்சி நின்னீங்க, அதான் உங்ககிட்ட சொல்லுதேன். நீங்க சொன்னா அவுக கேப்பாக. எனக்குப் பயமா இருக்கு மாமா."

இரண்டு நாள் நான் பதில் அனுப்பவில்லை. கடையில் அவனை விட்டால் நம்பிக்கையான ஆள் கிடையாது, அவனைப் பேசி முடித்தவனும் நான், என் பேச்சு தப்பாகிவிடுமே என்றுதான் ஓடியது புத்தி. மூன்றாம் நாள் நான் பேசி அனுப்பியது இது. இதுவும் அந்தப் போனில் இருக்கிறது.

"ஏட்டி சஃப்ரின், புருஷன்காரன் கோவத்துல ஒண்ணு ரெண்டு செய்யத்தான் செய்வான். அவன் தங்கமான ஆளு, நான் தினமும் பாக்கேன்லா. இத வெளிய யார்ட்டயும் சொல்லிட்டுத் திரியாத, ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். சீசன் வருது, ரெண்டு பேரும் தனியா குத்தாலத்துல நாலு நாள் இருந்துட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு, பின்னால ஓடை, ஆள் தொந்தரவு கிடையாது. நானே சொல்லி வைக்கேன். எல்லாம் சரியாப் போவும்."

அதற்கு அவள் குரல் அனுப்பவில்லை. "சரி மாமா" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

மீரான்